கொரோனா எங்கள் வீட்டில் வயது பார்த்த விதம்

எங்கள் வீடு வில்லிவாக்கத்தில். ஐந்து பேர் இருக்கிறோம். 2021 மே மாதம், இரண்டாவது அலை சென்னையைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரே வாரத்துக்குள் ஐந்து பேருக்கும் கொரோனா வந்தது. அப்போது அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, 77 வயது. என் வீட்டுக்காரருக்கு 53. எனக்கு 44. மகனுக்கு 19, மகளுக்கு 9. மே 10ஆம் தேதி முழு ஊரடங்கு தொடங்குவதற்குச் சற்று முன்னால், இவர் வேலை பார்க்கும் அம்பத்தூர் எஸ்டேட் அச்சகத்தில் சிலர் காய்ச்சலில் படுத்தார்கள். அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். வந்தது ஒரே கிருமி. சமையல் ஒன்று, கழிவறை ஒன்று, வீட்டுக்குள் சுற்றிய காற்றும் ஒன்று. ஆனால் ஐந்து பேருக்கும் வந்தது ஒரே நோய் என்று சொல்ல முடியாது. மகள் ஒரு ராத்திரி காய்ந்துவிட்டு எழுந்து விளையாடப் போனாள். இவர் ஐசியூ வரை போய்த் திரும்பினார்.

“வயசானவங்களுக்கு ஆபத்து, சின்னவங்களுக்கு ஒண்ணும் ஆகாது” என்று எல்லோரும் சொன்ன காலம் அது. அந்தப் பேச்சு பொய்யில்லை, அரைகுறை. வயது ஆபத்தின் அளவை மட்டும் மாற்றவில்லை, நோய் தன்னைக் காட்டிக்கொள்ளும் விதத்தையும் மாற்றியது. யாரிடம் எதைப் பார்க்க வேண்டும் என்பதே வயதுக்கு வயது வேறாக இருந்தது.

பிள்ளைகள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகளுக்குக் காய்ச்சல், கொஞ்சம் வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். மகனுக்கு வாசனை போய்விட்டது. ரசத்தில் பெருங்காயம் போட்டிருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் குடித்தான். இந்த வயதில் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் முதல் காவல் சுறுசுறுப்பாக இருப்பதால், கிருமி நுரையீரலுக்கு இறங்குவதற்குள் இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் பொருள் சுரந்து வேலையை ஆரம்பித்துவிடுகிறது. வயது ஏற ஏற இந்த முதல் பதில் தாமதமாகிறது.

மகள் விஷயத்தில் எங்கள் குழந்தைகள் நல டாக்டர் ஒன்று சொன்னார். கொரோனா சரியாகி இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் குழந்தைக்கு மறுபடி விடாத காய்ச்சல், கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு, கடுமையான வயிற்று வலி என்று வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும். குழந்தைகளுக்கு அபூர்வமாக வரும் உடல் முழுதுமான அழற்சி அது, இதயத்தைத் தாக்கும். அவளுக்கு வரவில்லை. ஆனாலும் ஜூன் மாதம் முழுக்க அவள் வயிறு வலிக்கிறது என்று சொன்னபோதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதி நேரம் அது ஆன்லைன் வகுப்புக்குப் போடும் சாக்கு.

அத்தைக்கு வருவோம். ஐந்து பேரில் காய்ச்சலே சரியாக வராத ஆள் அவர்தான். தெர்மாமீட்டர் 99ஐத் தாண்டவில்லை. இருமலும் பெரிதாக இல்லை. “எனக்கு ஒண்ணும் இல்லடி, புள்ளைங்களப் பாரு” என்றார். அப்புறம் ஒரு நாள் காலையில் காபி வேண்டாம் என்றார். ஐம்பது வருஷமாகக் காலைக் காபியை ஒரு நாள் விடாத மனுஷி. மத்தியானம் கஞ்சியையும் ஒதுக்கிவிட்டார். சாயங்காலம் என் மகனைக் கூப்பிட்டு, “தண்ணி லாரி வந்துடுச்சா பாரு, குடத்த எடுத்து வை” என்றார். எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர் நின்று எத்தனையோ காலம் ஆகிறது. அவன் சிரித்துக்கொண்டே, “ஆயா எந்தக் காலத்துல இருக்கீங்க?” என்றான். அன்று ராத்திரி பாத்ரூம் போகும்போது கால் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் டாக்டருக்கு போன் போட்டேன். “காய்ச்சல் எவ்ளோன்னு சொல்லாதீங்க. சாப்பிட்டாங்களா, பேச்சு தெளிவா இருக்கா, நடக்குறாங்களா, கடைசியா எப்ப யூரின் போனாங்க, அதச் சொல்லுங்க” என்றார். வயதானவர்களின் உடம்பு வெப்பநிலை சாதாரணமாகவே கொஞ்சம் குறைவாக இருக்கும், தொற்று வந்தாலும் கொதிக்காது என்று விளக்கினார். ஆகவே அவர்களுக்கு 100 டிகிரி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வழக்கமான அளவிலிருந்து இரண்டு டிகிரி ஏறினாலே காய்ச்சல்தான். திரும்பத் திரும்ப 99க்கு மேல் காட்டினாலும் அப்படித்தான். திடீர்க் குழப்பம், திடீரெனச் சாப்பாடு பிடிக்காமல் போவது, தடுமாற்றம், பகலெல்லாம் தூங்கி வழிவது, இவையெல்லாம் அந்த வயதில் நிமோனியாவின் முகங்கள். இருமலுக்கும் மூச்சுத் திணறலுக்கும் முன்பே இவை வந்துவிடலாம். “வயசாச்சு, மறதி” என்று நாம் தள்ளிவிடுவோம். வருஷக்கணக்கில் மெல்ல வருவதுதான் வயதின் மறதி. நேற்று தெளிவாக இருந்தவர் இன்று உளறினால் அது உடம்புக்குள் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் 93 காட்டியது. நல்லவேளை, 2020இல் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து தொற்று பரவி ஊரே கலங்கியபோது மகன் அதை வாங்கி வைத்து, வீட்டில் எல்லோர் விரலிலும் மாட்டி விளையாடியிருந்தான். அத்தைக்கு நல்ல நாளிலேயே 96தான் என்பது அதனால் தெரிந்தது. 97, 98 உள்ளவர் 93க்கு இறங்குவதும் 96 உள்ளவர் 93க்கு இறங்குவதும் ஒன்றல்ல. நோய் இல்லாத நாளில் ஒவ்வொருவருக்கும் அளந்து எழுதி வைப்பது ஐந்து நிமிஷ வேலை. அளப்பதிலும் கொஞ்சம் பக்குவம் வேண்டும். நெயில் பாலிஷ், மருதாணி இருந்தால் தப்பாகக் காட்டும். வயதானவர்களின் விரல் சில்லென்று இருக்கும். உள்ளங்கையில் வைத்துச் சூடு செய்துவிட்டு மாட்ட வேண்டும். மாட்டிய உடனே பார்க்காமல், எண் ஒரு நிலைக்கு வரும்வரை ஒரு நிமிஷமாவது பொறுக்க வேண்டும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அத்தையை மாநகராட்சியின் பரிசோதனை மையத்துக்கு இவர்தான் அழைத்துப் போனார். அங்கிருந்து ஓர் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மூக்கில் குழாய் வைத்துக் கொஞ்சம் ஆக்சிஜன், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமலிருக்க ஊசி. ஐசியூ தேவைப்படவில்லை. சில நாளில் திரும்பி வந்துவிட்டார். 77 வயதில் இவ்வளவு லேசாகத் தப்பியதற்குக் காரணம் என்று நான் நினைப்பது, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மார்ச் 1ஆம் தேதி தடுப்பூசி ஆரம்பித்ததுமே மகன் அவரை இழுத்துக்கொண்டு போனதைத்தான். ஏப்ரல் கடைசியில் இரண்டாவது ஊசியும் முடிந்திருந்தது.

வயதானவரைத் தனியாக வார்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காது மெஷின், கண்ணாடி, பல்செட் மூன்றையும் அனுப்புங்கள். எல்லோரும் முழுக்கவச உடையில் இருக்கும் இடத்தில், காதும் கேட்காமல் கண்ணும் தெரியாமல் கிடந்தால் குழப்பம் இரண்டு மடங்காகிவிடும். பல்செட் இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. அத்தையின் பையில் பொத்தான் வைத்த பழைய போன் ஒன்றும், மாத்திரைகளின் பெயரும் அளவும் எழுதிய தாளும் வைத்தோம். போகும் முன்பே பிபி மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேட்டிருந்தேன். சாப்பிடாமல் தண்ணீரும் குடிக்காமல் இருப்பவர் நீர் பிரியும் மாத்திரையையும் போட்டுக்கொண்டால் பிபி சரிந்துவிடும் என்று, அதை மட்டும் தற்காலிகமாக நிறுத்தச் சொன்னார். நாமாக எதையும் நிறுத்தக் கூடாது. ஆனால் கேட்காமலும் இருக்கக் கூடாது.

இத்தனை நாளும் எங்கள் எல்லோர் கண்ணும் அத்தை மேல் இருந்தது. ஓடியாடிக்கொண்டிருந்தவர் இவர். டெஸ்ட் எடுக்க ஓட்டம், மருந்துக் கடைக்கு ஓட்டம், மருத்துவமனை வாசலில் காவல். அவருக்கும் காய்ச்சல் வந்து, போயும்விட்டது. “எனக்குச் சரியாயிடுச்சு, அம்மாவப் பாக்கலாம்” என்றார். 53 வயது. அந்த வயதுக்காரர்கள் தங்களை வயதானவர் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை, வீட்டிலும் யாரும் சேர்ப்பதில்லை. சர்க்கரை இருக்கிறதா என்று யாராவது கேட்டால் “இல்லை” என்பார். சோதித்துப் பார்த்து இல்லை என்று சொன்னதில்லை. சோதிக்கவே இல்லை, அதனால் இல்லை.

தடுப்பூசியும் போட்டுக்கொள்ளவில்லை. ஏப்ரல் 1லிருந்தே 45 வயதைத் தாண்டிய எல்லோரும் போடலாம் என்று அறிவித்திருந்தார்கள். போகலாம் போகலாம் என்று இருந்தவர், நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாள், ஏப்ரல் 17 அன்று, மாரடைப்பில் இறந்ததும் பின்வாங்கிவிட்டார். அதற்கும் தடுப்பூசிக்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள், பின்னால் மத்திய அரசும் ஆராய்ந்து அதையே சொன்னது. ஆனால் அந்த வாரம் சென்னையில் எத்தனையோ பேர் வரிசையை விட்டு விலகினார்கள் என்பது எங்கள் தெருவிலேயே தெரிந்தது. மக்கள் அவ்வளவு நேசித்த மனிதர், பயம் வந்ததில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது வாரம் தொடங்கும்போது, மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவர் படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார். உட்கார்ந்த நிலையில் 95. மகனுக்கு ஏதோ தோன்றி, ஹாலுக்குள்ளேயே ஆறு நிமிஷம் நடக்கவைத்து மறுபடி அளந்தான். 88. அப்போதும் மனுஷன் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதைவிட கரியமில வாயு சேர்வதைத்தான் மூச்சு முட்டலாக மூளை உணர்கிறது. கொரோனாவில் ஆரம்பத்தில் கரியமில வாயு தடையின்றி வெளியேறிக்கொண்டே இருக்கும், ஆக்சிஜன் மட்டும் இறங்கும். அதனால் அலாரம் அடிக்காது. வயது கூடும்போது இந்த அலாரமே மந்தமாகிவிடுகிறது, சர்க்கரை இருந்தால் இன்னும் மோசம் என்று பின்னால் டாக்டர் சொன்னார்.

இந்த நடைச் சோதனை 40, 50, 60 வயதுக்காரர்களுக்கு அருமையான கருவி. உட்கார்ந்த நிலையில் 94க்கு மேல் இருப்பவர்கள்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், தலை சுற்றினால் உடனே நிறுத்த வேண்டும். நடந்த பிறகு 94க்குக் கீழே போனாலோ, தொடக்கத்திலிருந்து மூன்று புள்ளிக்கு மேல் இறங்கினாலோ டாக்டரைக் கூப்பிட வேண்டும். தள்ளாடும் அத்தை மாதிரி ஆட்களை இப்படி நடக்கவிடக் கூடாது, விழுந்து இடுப்பெலும்பு போனால் அது தனிக் கதை. இன்னொன்று, முதல் வாரக் காய்ச்சல் விட்டதும் கணக்கை முடித்துவிடக் கூடாது. தடுப்பூசி போடாத நடுவயதினர் பலருக்கும் நிலைமை திரும்பியது ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள்தான். கிருமி குறைந்து, அதற்கு எதிராகக் கிளம்பிய அழற்சி கட்டுக்கடங்காமல் போகும் நேரம் அது.

படுக்கை கிடைத்த கதையை விரிக்கப் போவதில்லை. அரசின் 104 உதவி எண்ணுக்கு போன் போட்டுப் பதிவு செய்தோம், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் கேட்டோம், கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இடம் கிடைத்தது. முன்பணம் கட்டின பிறகுதான் ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. ரெம்டெசிவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு ஊசிமருந்தை வாங்கி வரச் சொன்னார்கள். முதலில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியிலும் அப்புறம் நேரு ஸ்டேடியத்திலும் விடிய விடிய ஜனங்கள் நின்றது அதற்குத்தான். உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே அந்த மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்பது அந்த வரிசையில் நின்ற பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நின்றிருப்போம்.

உள்ளே போனதும் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை 340. மூன்று மாதச் சராசரியும் எகிறியிருந்தது. அதாவது கொரோனா கொண்டுவந்த சர்க்கரை இல்லை, அது ஏற்கெனவே உள்ளே குடியிருந்தது. அழுத்தத்தோடு ஆக்சிஜன், குப்புறப் படுக்க வைப்பது, ஸ்டீராய்டு, அதனால் இன்னும் ஏறும் சர்க்கரைக்கு இன்சுலின் என்று நாட்கள் போயின. டெக்ஸாமெதசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு, ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் வென்டிலேட்டரில் இருப்பவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும் குறைத்தது என்று 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை என்றும் தெரிந்தது. ஆனால் அந்த மே மாதம் எங்கள் தெருவில் காய்ச்சல் வந்த முதல் நாளே வாட்ஸ்அப்பில் சுற்றிய மருந்துச் சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு வாங்கி விழுங்கியவர்கள் இருந்தார்கள். சர்க்கரைக்காரர்கள் அப்படிச் செய்ததும் மூக்கையும் கண்ணையும் தாக்கும் கருப்புப் பூஞ்சை பரவியதற்கு ஒரு காரணம். இவர் வீடு திரும்பிய பிறகும் முகம் மரத்துப் போகிறதா, மூக்கிலிருந்து கறுப்பாக வருகிறதா, கண் வீங்குகிறதா என்று தினமும் பார்த்தோம்.

ஆக, 77 வயதுக்காரர் லேசாகத் தப்பினார், 53 வயதுக்காரர் சாவைத் தொட்டு வந்தார். இதைச் சொன்னால் சிலர் “அப்ப வயசெல்லாம் சும்மா” என்கிறார்கள். அப்படியில்லை. தடுப்பூசி வருவதற்கு முன் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு, தொற்று வந்தவர்களில் இறப்பு எவ்வளவு என்று வயதுவாரியாகக் கணக்கிட்டது. 10 வயதில் லட்சத்துக்கு 2. 25 வயதில் பத்தாயிரத்துக்கு 1. 55 வயதில் ஆயிரத்துக்கு 4. 65இல் ஆயிரத்துக்கு 14. 75இல் 46. 85இல் 150. வட்டிக்கு வட்டி போல ஏறுகிற கணக்கு இது. நடுவயதைத் தாண்டினால் ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் மூன்று மடங்குக்கு மேல். காரணங்களும் பல. நெஞ்சுக்கூட்டில் இருக்கும் தைமஸ் சுரப்பி பருவ வயதுக்குப் பின் சுருங்கிக்கொண்டே போவதால், புதுக் கிருமியை அடையாளம் காணும் டி அணுக்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள் புதிதாக உருவாவது வயதானவரிடம் குறைவு. நுரையீரலின் மீள்தன்மை குறைகிறது, இருமலின் வலு குறைகிறது, கூடவே அடங்காத மெல்லிய அழற்சி ஒன்று உடம்பில் எப்போதும் இருக்கிறது. 70 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில், தங்கள் இன்டர்ஃபெரானையே தாக்கும் எதிர்ப்பொருளைச் சுமக்கிறார்கள் என்றும் கண்டுபிடித்திருக்கிறார்கள். வெளியே ஆரோக்கியமாக இருக்கும் தாத்தா ஏன் திடீரென்று மோசமானார் என்பதற்குச் சில வீடுகளில் அதுவே விடையாக இருக்கலாம்.

அப்புறம் நம் ஊர்க் கணக்கு. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் முதல் அலையின்போது 84,965 நோயாளிகளையும் அவர்களோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேரையும் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. உறுதியான நோயாளிகளில் இறப்பு 5 முதல் 17 வயதில் நூற்றுக்கு 0.05, 85ஐத் தாண்டியவர்களில் 16.6. வயதோடு ஏறும் ஏற்றம் அதே மாதிரிதான். ஆனால் பணக்கார நாடுகளோடு ஒப்பிட்டால், நம் மக்கள்தொகையில் இளையவர்கள் அதிகம் என்பதைக் கழித்த பிறகும், நோயும் சாவும் கொஞ்சம் இளைய வயதுப் பக்கமே சாய்ந்திருந்தன. அதைப் படித்தபோது எனக்கு இவர் படியில் உட்கார்ந்ததுதான் ஞாபகம் வந்தது. சர்க்கரையும் பிபியும் நம்மிடம் சீக்கிரமே வருகின்றன, பாதிப் பேருக்கு அது தெரிவதுமில்லை. பிறந்த தேதி 53 என்று சொன்னாலும், கட்டுப்படாத சர்க்கரை ஒருவரை அந்த ஏற்றத்தில் பல வருஷம் மேலே தள்ளிவிடுகிறது. தடுப்பூசி கீழே இறக்குகிறது. எங்கள் வீட்டில் ஒருவர் மேலே தள்ளப்பட்டார், ஒருவர் கீழே இறக்கப்பட்டார், நடுவழியில் இருவரும் ஒருவரை ஒருவர் தாண்டிப்போனார்கள்.

என்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். 44 வயதில் காய்ச்சலோடு ஐந்து பேருக்கும் சமைத்தது நான்தான். ஆக்சிஜன் இறங்கவில்லை. ஆனால் அசதி மாதக்கணக்கில் போகவில்லை. இட்லி மாவு அரைக்க உட்கார்ந்தால் கை நடுங்கும், அடுத்த வீட்டு அக்காவின் பெயர் வாயில் வராது. நீண்டகாலக் கொரோனா என்று சொல்லும் இந்தத் தொந்தரவு முதியவர்களைவிட நடுவயதினரிடமும், ஆண்களைவிடப் பெண்களிடமும் கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. சாவுக் கணக்கில் வராத வயது என்பதற்காகச் சும்மா விட்டுவிடுவதில்லை இந்த நோய். இரண்டாவது வாரமே தரையைத் துடைக்க இறங்காமல், படுத்திருக்க வேண்டிய வயதுதான் 44.

2022 ஜனவரியில், பொங்கலை ஒட்டி, கொரோனாவின் புது வகையான ஓமிக்ரான் வந்தது. மறுபடி வீடு முழுக்க. மகளைத் தவிர எல்லோரும் இரண்டு ஊசி போட்டிருந்தோம். அவள் வயதுக்கு அப்போது ஊசி இல்லை. யாரும் மருத்துவமனைப் பக்கம் போகவில்லை. ஆனால் அப்போதும் கடைசியாக எழுந்து நடமாடியவர் அத்தைதான். எல்லோருடைய ஆபத்தும் சேர்ந்து கீழே இறங்கியது, வயதின் வரிசை மட்டும் அப்படியே இருந்தது. இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருந்ததால் இம்முறை வெறும் தொண்டை வலி.

எல்லாத் தொற்றுக்கும் இதே வயது வரிசை என்று நினைத்துவிட வேண்டாம். 1918இல் பம்பாய்த் துறைமுகம் வழியாக நம் நாட்டுக்குள் நுழைந்த ஃப்ளூ, 20லிருந்து 40 வயது வரையுள்ள திடகாத்திரமானவர்களைத்தான் அள்ளிக்கொண்டு போனது. 2009இல் வந்த பன்றிக்காய்ச்சலில் உலக அளவில் இறந்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் 65 வயதுக்குக் கீழே என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இளமையில் அதன் பழைய உறவுக்கார வைரஸைப் பார்த்திருந்த முதியவர்களுக்குக் கொஞ்சம் எதிர்ப்பு இருந்தது ஒரு காரணம். வழக்கமான ஃப்ளூவோ ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் முதியவர்களையும் ஒன்றாகத் தாக்குகிறது. அதனால் புதிதாக ஏதாவது காய்ச்சல் பரவுகிறது என்று கேள்விப்பட்டால் எந்த வயது அதிகம் படுக்கிறது என்பதையே முதலில் விசாரிக்கிறேன். போன தடவைப் பாடத்தை அப்படியே ஒட்டவைத்தால் ஏமாந்துபோவோம்.

சென்னையில் ஃப்ளூ பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு வரும். அத்தைக்கும் இவருக்கும் வருஷா வருஷம் மழைக்கு முன்பே ஃப்ளூ தடுப்பூசி போட்டுவிடுகிறோம். எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் பிடிக்கும், சளி வந்த பிறகு ஓடிப் பயனில்லை. இவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சர்க்கரை பார்க்கிறார், முணுமுணுத்துக்கொண்டேதான். கபசுரக் குடிநீரை அத்தை விடவில்லை, நானும் தடுக்கவில்லை. ஆவி பிடிப்பதை மட்டும் நிறுத்திவிட்டோம். மூக்கடைப்புக்குச் சுகமாக இருக்கலாம், ஆக்சிஜனை ஏற்றாது, நடுங்கும் கையில் கொதிக்கும் பாத்திரம் வேண்டாம். கற்பூரம், ஓமம், லவங்கத்தைப் பொட்டலம் கட்டி முகர்ந்தால் ஆக்சிஜன் ஏறும் என்று வந்த வாட்ஸ்அப் சேதியும் அப்படித்தான். அதை நம்பி மணிக்கணக்கில் காத்திருந்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொருவரின் வயது, வழக்கமான ஆக்ஸிமீட்டர் எண், வழக்கமான வெப்பநிலை, இருக்கும் நோய்கள், மாத்திரைகள், கடைசியாகப் போட்ட ஊசியின் தேதி. யாருக்காவது காய்ச்சல் என்றால் ஆரம்பித்த தேதியை அதில் எழுதிவிடுவோம். டாக்டருக்கு போன் செய்தால் அவர் கேட்பது அந்த வரிசையில்தான்: என்ன வயது, இது எத்தனையாவது நாள், வேறு என்ன நோய் இருக்கிறது, உட்கார்ந்தால் எவ்வளவு, நடந்தால் எவ்வளவு. வயதானவர் என்றால் கூடவே சாப்பாடு, பேச்சு, சிறுநீர். தாள் இருப்பதால் நான் வீட்டில் இல்லாவிட்டாலும் மகளே போனில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். போன மழையில் அத்தைக்குச் சளி பிடித்தபோது அவள்தான் பேசினாள். டாக்டர் கேட்கும் முன்பே, “ஆயா காலைல காபி குடிச்சாங்க, ஆனா ரெண்டு இட்லில ஒண்ணு வெச்சுட்டாங்க” என்றாளாம். சாயங்காலம் வரை பார்த்துவிட்டு, மத்தியானமும் சாப்பிடவில்லை என்றால் கூட்டி வரச் சொன்னார்.